மாமா வராத ஞாயிற்றுக்கிழமை

கல்பாக்கம் குடியிருப்பில் என் வகுப்புத் தோழிகளுக்குப் பாட்டி இருந்தார்கள், அம்மாச்சி இருந்தார்கள், ஒருத்திக்கு அப்பத்தாகூட இருந்தார். அம்மாவைப் பெற்றவள் எனக்கு மட்டும்தான் ஆயா. பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு நடுவே, லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போகிறேன் என்று நான் சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடும் அம்மாளைத்தான் அவர்கள் ஆயா என்பார்கள். ஒரு வருஷம் விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். என் ஆயா உண்மையாகவே அந்த ஆயாவாகவும் இருந்தவள் என்பதால் விளக்கம் எப்போதும் பாதியில் சிக்கிக்கொண்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், எலும்பு முறிந்த ஆண்கள் படுத்திருக்கும் வார்டில், முப்பது வருஷம் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டுப் போட்ட காலோடு கிடக்கும் ஆட்களைத் தனி ஆளாகத் தூக்கி உட்கார வைப்பாள் என்று அம்மா சொல்வாள். ஆயாவோடு கடைத்தெருவுக்குப் போனால் பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். யாராவது ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வேட்டியைச் சற்று உயர்த்தி, பழைய தழும்பைக் காட்டிவிட்டுத்தான் போவார். ஆயா அதைக் குனிந்து பார்த்து, நன்றாகக் கூடியிருக்கிறது என்றோ, இன்னும் கொஞ்சம் நட என்றோ சொல்வாள். பெரிய டாக்டருக்குக்கூட அவ்வளவு நோயாளிகள் இருந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த மே மாதத்தில் ஆயாவே நோயாளி ஆகியிருந்தாள். வலது கண்ணில் புரை எடுத்துப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. குனியக்கூடாது, புகையில் நிற்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. முதல் வாரம் கூட இருந்த அம்மா, பிறகு என்னைத் துணைக்கு விட்டுவிட்டுக் கல்பாக்கம் திரும்பினாள். சமையலைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு நான்கு வேளை எனக்கு டாக்டர் வேலை.

எங்கள் குடும்பத்தில் அப்போது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஓர் அக்கா, ஒரு தம்பி. தம்பியான மாமாவைத் தூக்கி வளர்த்தது பெரியம்மாதான். ஆயா வார்டுக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு வயதுப் பெரியம்மாவின் இடுப்பில்தான் மாமா நாள் முழுக்க இருந்தாராம். அவருக்குப் பெண் பார்த்து, தன் புகுந்த வீட்டாரிடம் வாக்கும் கொடுத்து வைத்திருந்தாள் பெரியம்மா. பம்பாயில் வேலைக்குப் போன மாமா அங்கேயே ஒரு மராத்திக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கடிதம் போட்டார். அன்றிலிருந்து, அவன் கடிதம் வருகிற வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று பெரியம்மா தாம்பரத்திலேயே இருந்துவிட்டாள். மூன்று வருஷம். நாற்பது நிமிஷ மின்சார ரயில் தூரம்தான். கண் ஆபரேஷனுக்குக்கூட வரவில்லை; போனில் விசாரித்தாள், அதிலும் பாதி நேரம் மாமாவைத் திட்டினாள்.

மாமாவும் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒவ்வொரு மே மாதமும் வந்து எங்களை மகாபலிபுரம் அழைத்துப் போவார். கல்பாக்கத்தில் எங்களுக்கும் கடல் இருந்தது. ஆனால் அப்பாவோடு பார்க்கும் கடலில் ‘கால் நனைக்காதே’ மட்டும்தான் இருக்கும். மாமாவோடு பார்க்கும் கடலில் சேமியா ஐஸும் பட்டாணிச் சுண்டலும் இருந்தன.

ஒரு புதன்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது ஆயா ஜன்னலோரம் உட்கார்ந்து இன்லண்ட் லெட்டர் ஒன்றை என் பக்கம் நீட்டினாள்.

"உங்க மாமன் போட்டுக்கீறான். படி."

நான் அதைச் சரியாகப் பிடிப்பதற்குள், "வரானாமா?" என்றாள்.

அன்புள்ள அம்மாவுக்கு என்பதற்கு அடுத்த வரியிலேயே, இந்த மே மாதமும் என்னால் வர இயலாது என்று இருந்தது. மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தேன். ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு, மறு கண்ணால் ஆயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராராம்," என்றேன்.

அவளைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பாதி அதுதான். மறுபாதி சேமியா ஐஸ்.

"எப்போ?"

பொய்க்கு இரண்டாம் பாகமும் தேவைப்படும் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றேன். நல்லதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கும் என்பது அந்த வயதில் என் எண்ணம். எல்லோரையும் கேட்டதாக எழுதியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். மீதிக் கடிதத்தை நான் படிக்கவேயில்லை. ஆயா அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடினாள். டெலிபோன் பூத்துக்குப் போகவேண்டும் என்றாள்.

பூத்தில் எண்களை நான் சுழற்றினேன். பெரியம்மா எடுத்ததும் ஆயா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழம உன் தம்பி வரான்."

மறுமுனையில் நீளமாக ஏதோ சத்தம் வந்தது. ஆயா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்தாள்.

"செரி, வராத. மூணு வருசமா என் காதுல திட்டிக்கினு கீறியே, அத அவன் மூஞ்சிக்கு நேரா திட்டுவியேன்னு சொன்னேன். தைரியம் இல்லன்னா வூட்லயே இரு." வைத்துவிட்டாள். அடுத்து கல்பாக்கத்தில் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசி, நான் லெட்டர் படித்துச் சொன்னதைச் சொல்லி அம்மாவையும் அப்பாவையும் வரச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆயா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை சொட்டு மருந்து விடும்போது உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். "ஆயா, அந்த லெட்டர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத. பேசுனா கை ஆடும். மருந்து கன்னத்துல வுழும்."

வெள்ளிக்கிழமை வேறு வழியில் முயன்றேன். ஒருவேளை மாமா வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வராவிட்டால் போகிறான், நீ போய் இஞ்சி வாங்கிக்கொண்டு வா என்றாள். சனிக்கிழமை எனக்கு நிஜமாகவே வயிற்றுவலி வந்து சுருண்டு படுத்தேன். அழுகையோடு ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தபோது ஆயா ஓமத் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துவிட்டாள். முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவளுக்கு என் வயிற்றுவலியின் காரணம் தெரியவில்லையே என்று எனக்கு அப்போது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஞாயிறு காலை கல்பாக்கத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பத்து மணி ரயிலில் தன் இரண்டு பையன்களோடு பெரியம்மா வந்தாள். பெரியப்பா வரவில்லை. பெரியம்மா உட்காரவும் இல்லை. சமையலறை வாசலில் நின்றபடி, கண்ணைப் பார்க்கத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகளை அவள் வாய்க்குள் ஒத்திகை பார்ப்பது தெரிந்தது. அடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது. வடை தட்டித் தட்டி ஒரு தூக்கு நிறைந்தது. அப்பா இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் நான் கழிவறைக்குப் போனேன்.

பன்னிரண்டரை மணிக்கு ஆயா, "அவன் வரமாட்டான் போலக்கீது," என்றாள். நாளைக்கு மழை வராது போலிருக்கிறது என்பதுபோன்ற குரல்.

"எனக்கு அப்பவே தெரியும். நான் கெளம்பறேன்," என்று பெரியம்மா பையை எடுத்தாள். அந்த நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு டெம்போ நின்றிருந்தது. அதன் டிரைவர் ஒரு காலத்தில் இரண்டு காலும் முறிந்து ஆயாவின் வார்டில் நான்கு மாதம் கிடந்தவர்.

"நீ சொன்ன டயத்துக்கு வந்துட்டேன் ஆயா. போலாமா?" என்றார்.

சோறு ஆக்கியாகிவிட்டது, அதை மகாபலிபுரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆயா அறிவித்தாள். கண்ணில் மணல் விழும், காற்று படும், டாக்டர் திட்டுவார் என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். ஆயா பச்சைத் துணிக்கு மேல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "முப்பது வருசமா டாக்டருங்க சொன்னதத்தான் கேட்டேன். இன்னிக்கி லீவு."

பெரியம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. ஆயா குழம்புச் சட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டாள். ஆயா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நாங்கள் பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்தோம். கொதிக்கும் குழம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் கோபமாக இருப்பது கஷ்டம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தபோது குழம்பு துள்ளி அப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. முதலில் சிரித்தது பெரியம்மாதான். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடலோரச் சவுக்குத் தோப்பில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். சோற்றில் மணல் கடிபட்டது. யாரும் குறை சொல்லவில்லை. பெரியம்மா பையன்கள் தண்ணீரில் ஆடப் போனார்கள். நான் போகவில்லை. மாமா வராததைப் பற்றி யாரும் என்னைக் கேட்காததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கை கழுவி வந்த பெரியம்மாவிடம் ஆயா ரவிக்கையிலிருந்து லெட்டரை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ படி."

பெரியம்மா வாங்கவில்லை. ஆயா நீட்டிய கையை மடக்கவும் இல்லை. சுற்றிலும் மணலும் சவுக்கும்தான். ஏறிப் போக ரயில் இல்லை. கடைசியில் வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். முதல் வரியைப் படித்ததும் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொயந்த அவசரத்துல படிச்சிட்டுது. நீ மேல படி," என்றாள் ஆயா.

மாமா எழுதியிருந்தது இதுதான். அவர் மனைவிக்கு ஆறாம் மாதம். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. அதனால் விட்டு வர முடியவில்லை. நான் அக்கா கையில் வளர்ந்தவன், என் குழந்தையும் அக்கா கையில் விழவேண்டும் என்று ஆசை, அதைக் கேட்க எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தார். இந்த இடத்தில் பெரியம்மா குரலை நிறுத்திவிட்டு மனதுக்குள் படித்தாள்.

"வாய்வுட்டுப் படி. எனக்குக் கண்ணு தெரியல," என்றாள் ஆயா.

பெரியம்மா முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். பிறகு லெட்டரை மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அலைப் பக்கம் போய், புடவை முழங்கால்வரை நனைய நின்றாள். அம்மா எழுந்து பின்னால் போகப் பார்த்தாள். ஆயா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். திரும்பி வந்தபோது பெரியம்மாவின் மூக்கு சிவந்திருந்தது.

"பம்பாய்ல இப்போ மழ ஆரம்பிச்சிடும். அந்தப் பொண்ணு தனியா இன்னா பண்ணும்?" என்றாள்.



திருப்பதிக்கு அப்பால் போகாத பெரியம்மா ஆகஸ்டு மாதத்தில் பம்பாய்க்கு ரயிலேறினாள். இரண்டு மாதம் இருந்தாள். மராத்தியில் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து எங்களை அதட்டினாள். பொங்கலுக்கு மாமா குடும்பத்தோடு வந்தபோது குழந்தை பெரியம்மாவைத் தவிர யார் தூக்கினாலும் அழுதது. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த திட்டு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு மாலை திரும்பும்போது ஆயா என்னைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இனியும் தாங்காது என்று கேட்டுவிட்டேன்.

"மாமா வரலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா ஆயா?"

"நீ குளிச்சிக்கினு இருக்கும்போதே படிச்சிட்டேன். இன்னொரு கண்ணு கீதே."

"அப்புறம் ஏன் என்னப் படிக்கச் சொன்ன?"

ஆயா கறுப்புக் கண்ணாடியோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரக் கண்ணுல படிச்சது. தப்பாப் படிச்சிட்டனோன்னு பாத்தேன்," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆயாவுக்கு இடது கண்ணும் சுத்தமாகத் தெரியவில்லை, சீக்கிரம் அதற்கும் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று அம்மாவிடம் பொறுப்பாகச் சொன்னேன். அந்த வருஷக் கடைசியில் அதையும் செய்தார்கள். ஆயா கண்ணைப் பற்றித்தான் பேசினாள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.