சிவப்புக் கதவு வைத்த வீடு

மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக அச்சகத்தில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பசை வாசனை மூக்கில் ஏறியது. கடைசிப் பக்கத்தில் பழைய வாழ்த்து அட்டை ஒன்று. பனி மூடிய வீடு, சிவப்புக் கதவு.

அது என் அப்பாவின் வீடு.

அச்சு இயந்திரம் பூட்ட ஜெர்மனியிலிருந்து வந்தவர் அப்பா. நான் பிறக்கும் முன்பே தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். என் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியும் அவர் விட்டுப்போனவை. ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் அனுப்பியதாக அம்மா ஓர் அட்டை தருவாள். சிவப்புக் கதவு வீட்டைக் காட்டி, அதுதான் அவர் வீடு என்பாள். பின்பக்கம், கீழே, வெள்ளைத்தாள் துண்டு ஒட்டியிருக்கும்.

"அந்த ஊருல அப்படித்தான் ஒட்டுவாக" என்பாள்.

அந்தப் பசையை அப்பாவின் வாசனை என்று முகர்ந்துகொண்டே தூங்குவேன். அம்மாவின் கையிலும் அதே வாசனைதான் அடித்தது, எனக்கு உறைக்கவில்லை. "வெள்ளைக்காரி" என்று கத்திய பிள்ளைகளிடம் சிவப்புக் கதவைக் காட்டி, "எங்க வீடுலே" என்றிருக்கிறேன்.

ஆல்பத்து அட்டையைத் திருப்பினேன். என் அட்டைகளில் தாள் ஒட்டியிருந்த அதே இடத்தில் இந்த அச்சகத்தின் பெயர், கீழே சிவகாசி என்று ஊர்.

"ஒங்கம்மா இங்கன பைண்டிங்ல இருக்கையில ஓடுன ஆர்டர்மா" என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "நீ ஏங்கிப் போயிருவேன்னுதான்" என்று இழுத்தாள்.

"வருசா வருசம் பதில் எழுதி, தபால்ல போடச் சொல்லி ஒன்கிட்டதான குடுத்தேன்?"

அம்மா உரித்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அட்ரஸ் தெரிஞ்சாத்தானடி போடுறதுக்கு."