இரத்தத்தில் படிந்த புகை

போன செவ்வாய்க்கிழமை என் தங்கச்சி ஜெசியின் குடும்பம் உடையப் பார்த்தது. காரணம், ஒரு சின்னக் குப்பி இரத்தம்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜெசிக்கு இப்போது ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு தரம் தங்காமல் போனது. நேர்த்தி வைக்காத மாதா கோவில் இல்லை... இந்த முறைதான் நிலைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஹம் நகரில் அவள் போகும் மருத்துவமனையில், கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஏதோ ஆய்வு செய்கிறோம், தருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்தாள். 'புகைக்காதவர்கள்' பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு திடீரென்று ஒரு போன். உடனே டெர்மின் எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு, கணவரோடு வாருங்கள் என்று. 'கணவரோடு' என்றால் யார்தான் நல்ல செய்தி என்று நினைப்பார்கள்? மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறீர்கள்?"

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த அளவு ஜெர்மன் ஜெசிக்குத் தெரியும்.

"நான் சிகரெட் பத்துறேல்லை அக்கா! சொல்லுங்கோ அவவுக்கு!"

சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிகரெட் புகையில் புற்றுநோய் தரும் பொருட்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் சில இரத்தத்துக்குள் போய், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். நிகோடின் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். இது போகாது. அந்தச் சிவப்பணு சாகும்வரை, மாதக்கணக்கில், குளிர்கோட்டில் ஏறிய மீன்பொரியல் மணம் போல இருக்கும். ஜெசியின் இரத்தத்தில் அது இருக்க வேண்டியதைவிட அதிகம். தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும்.

பிள்ளைக்கும்!

ஜெசியின் கை வயிற்றைப் பொத்தியது. அப்போதுதான் அவளுடைய கணவர் றெஜி வாயைத் திறந்தார்.

"ஜெசி, உண்மையைச் சொல்லும். வேலையிலை அந்த பேக்கரிப் பொம்பிளையளோடை நிண்டு பத்துறனீரோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. இவருடைய சட்டைப்பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கிறது — கேள்வி அவளிடம்! ஜெசி அழவில்லை. அவரைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வீட்டில் வேறு யாராவது புகைக்கிறார்களா?" என்றார் டாக்டர்.

"நான் பத்துவன். ஆனா வீட்டுக்குள்ளை இல்லை, பல்கனியிலைதான்" என்றார் றெஜி.

"அப்பா வந்தாப்பிறகு?" ஜெசி மெதுவாகத்தான் கேட்டாள்.

றெஜியின் தலை குனிந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் அப்பா மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. ஜெசி வீட்டில்தான் இருக்கிறார். பகல் முழுக்க பல்கனிக் கதவோரம்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். மாமனார் கண்ணில் படச் சிகரெட் பற்றவைக்கிற மருமகன் எங்கள் ஆட்களில் உண்டா? ஆக, றெஜி இடம் மாறிவிட்டார். சமையலறைக்கு! அடுப்புக்கு மேலே புகையிழுக்கும் காற்றாடி சுழல, ஜெசி கறி தாளிக்க, பக்கத்தில் இவர் புகைக்க... ரெஸ்டாரன்ட்களிலேயே புகைக்கத் தடை வந்துவிட்ட காலத்தில்! காற்றாடி ஓடினால் அது வீடு இல்லை என்பது அவருடைய கணக்கு.

"சமையலறைக் கதவை ஆர் சாத்திறது?" என்று கேட்டேன்.

"நான்தான் அக்கா" என்றாள் ஜெசி. "அப்பாவுக்கு மணக்கக்கூடாது எண்டு..."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். இதை எப்படி மொழிபெயர்ப்பது? மாமனாருக்கு மரியாதை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரிக்கவில்லை. "புது அணுக்கள் வர வர இது குறையும். ஆனால் இன்றைக்கே நிற்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போட்டு உடைத்துவிட்டேன். அவர் அதிரவே இல்லை.

"எனக்கு வந்த முதல் கிழமையே தெரியும் பிள்ளை. கேட்டா மருமோன் கூச்சப்படுவார் எண்டு பேசாமல் இருந்தனான்."

அப்போதுதான் ஜெசி உடைந்து அழுதாள். "ஆளுக்காள் மரியாதை பாத்தியள். நானும் பாத்தன். என்ரை பிள்ளையை ஆர் பாத்தது?"

றெஜி சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்து அப்பாவுக்கு முன்னால் மேசையில் வைத்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? காணாதவர் போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பழக்கதோஷம்!

ஜெசி அதை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். "இனிப் பத்தமாட்டன் அக்கா" என்றார் றெஜி என்னிடம். நான் தலையாட்டவில்லை. வாய் ஆயிரம் சொல்லும். அடுத்த பரிசோதனையில் ஜெசியின் இரத்தம் சொல்லட்டும், நம்புகிறேன்.

பிறகு றெஜி போய்ச் சமையலறைக் கதவைத் தூக்கிக் கழற்றினார். கீழே கெல்லர் என்ற நிலவறைக்குக் கொண்டுபோய்ப் பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

எங்கள் மரியாதையும் கொஞ்சக் காலம் அங்கேயே கிடக்கட்டும்.