தமிழில் எழுதிப் படித்த ஜப்பான் மொழி

அந்த மாலைகளில் தேஹு ரோடு வீட்டில் நானும் அப்பாவும்தான் இருப்போம். கேன்டீன் வேலைக்குப் போன அம்மா இருக்க மாட்டார். ஜப்பானிய மொழியின் முதல்நிலைத் தேர்வில் தேறினால் பக்கத்து ஊரான பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டுமே. அப்பா தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். அவர் என்னிடம் கேள்வி கேட்க வசதியாக, ஜப்பானியச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதி வைத்தேன்.

"மி...ஸு. சொல்லுடா."

"தண்ணிப்பா."

"நெ...கோ?"

"பூனை."

"பலே! நாளைக்கே டோக்கியோல இறக்கி விட்டுடலாம் போலயே!"

எவ்வளவு சிரித்திருப்போம்! தேர்வன்று வினாத்தாளைப் பிரித்தால், முழுக்க ஜப்பானிய எழுத்து. காதால் கேட்டால் உடனே புரிகிற சொற்களைக்கூட ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தோற்றேன். வேலை வேறொருவருக்குப் போனது.

"நாந்தான் கெடுத்துட்டனாடா?" என்றார் அப்பா.

"நீங்க கேக்கலன்னா ஒரு வார்த்தைகூட மனசுல நின்னுருக்காதுப்பா."

இப்போது அட்டைகளில் எழுதுகிறேன். என் பக்கம் ஜப்பானிய எழுத்து, அப்பா பக்கம் அதே சொல் தமிழ் எழுத்தில். நான் வாசிக்க, அவர் சரிபார்க்கிறார். மறுபடியும் தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. இரண்டு முறைக்கும் சேர்த்து, மூவாயிரம் ரூபாய்.