முடிவு சொல்லக் கூடாது

பொங்கலன்று அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். இடைவேளை வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் எழுந்து போய் அணைத்துவிட்டேன்.

"ஏன்டி, இனிமேதானே படமே இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருந்தா இருக்கட்டும். வேணும்னா அடுத்த வீட்டுல போய்ப் பாருங்க."

அந்தப் படத்தின் முடிவு எனக்கு வேண்டாம். என்னிடம் வேறொரு முடிவு இருக்கிறது. என் அக்காவுக்கு நான் சொன்ன முடிவு அது. அக்கா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அக்கா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். நான் கல்யாணம் முடித்துப் பதுளைக்கு வந்து, பஜாரில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் படம் என்றால் பைத்தியம். ஆனால் ஒரே படம் இரண்டு பேருக்கும் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. எனக்குப் பிடித்த நடிகரை அவள் 'தாடி' என்பாள். "ஒன் தாடிக்கு அந்தத் தாடியச் செரச்சு விட்டா நடிப்புன்னு என்னா மிச்சம் இருக்கும்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் ஆரம்பிக்கும் சண்டை, ஞாயிற்றுக்கிழமை நான் அவள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகும்போது அவள் வாசலில் முடியும். முடியும் என்றா சொன்னேன்? அங்கேதான் அடுத்தது தொடங்கும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒழுங்காகச் செய்தால் முழுப்பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அக்கா நடிகர்களுக்கும் அப்படித்தான் பேர் போடுவாள். கோடி கோடியாய் வாங்குகிற நாயகனுக்குக் கூசாமல் அரைப்பேர் போட்டு அனுப்பிவிடுவாள். ஒரு படத்தில் கொழுந்து பறிக்கிறவளாக ஒரு நடிகை வந்தாள். ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முத்துன எலையையும் சேத்துப் பிய்க்கிறாடி. எங்க கங்காணி மட்டும் பாத்திருந்தா மலைய விட்டே வெரட்டியிருப்பாரு. இவளுக்கு அரைப்பேரும் கெடையாது." மூலையில் நின்று ஒரு பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போகிற ஏதாவது ஒரு துணை நடிகைக்கு மட்டும் முழுப்பேர் விழும். எனக்கு அவள் எதற்குமே முழுப்பேர் போட்டதில்லை. நான் ஆக்கிய சோற்றுக்குக்கூட அரைப்பேர்தான்.

அவளிடம் ஒரு சட்டமும் இருந்தது. தான் பார்க்காத படத்தின் முடிவை யாரும் சொல்லக் கூடாது. கதையைச் சொல்லலாம், சண்டையைச் சொல்லலாம், யார் நன்றாக நடித்தார்கள் என்று நாள் முழுக்க வாதாடலாம். முடிவுக்குக் கிட்டே வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். ஒரு தடவை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லார் முன்னாலும் நான் வாய் தவறி உளறிவிட்டேன். அந்தத் தீபாவளிக்கு அவள் எனக்குப் பலகாரம் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு மடுவத்துப் பெண்கள் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். படம் பார்த்தவள் உச்சக்கட்டத்துக்கு வந்ததும் அக்காவைத் திரும்பிப் பார்ப்பாள். "அவ இன்னும் பாக்கல" என்று யாராவது சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வயிற்றுவலி என்று அவள் சொல்லத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கேஸ் என்றாள், இஞ்சி குடித்தாள், கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். சாப்பாடு இறங்காமல் ஆள் பாதியான பிறகுதான் அத்தான் பிடிவாதமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் நான் ஓடுவேன். அவளுக்கு அடுத்த கட்டிலில் எல்ல என்ற ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்க வரும் மகளும் எங்களைப் போல ஒரு படப் பைத்தியம். அதனால் அந்த வார்டிலும் எங்களுக்கு ஒரு மடுவம் கிடைத்தது. தாதி வந்து அதட்டும் வரைக்கும் பேசுவோம்.

அப்போதுதான் அந்தப் படத்தின் முன்னோட்டம் வந்தது. ஜெயிலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. மகனாக என் தாடி. தாயாக, பல வருடமாகக் கூட்டத்தில் ஒருத்தியாகவே நடித்து வந்த ஒரு வயதான நடிகை. என் போனை வாங்கி அக்கா திரும்பத் திரும்ப அதைப் பார்த்தாள். அந்தம்மா ஒரு தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கிற இடம் வரும்போதெல்லாம் நிறுத்துவாள்.

"பாருடி, அந்தக் கையப் பாரு. இது முழுப்பேர் வாங்கப் போகுது. ஒன் தாடி காணாமப் போயிருவான்."

"படமே வரல, அதுக்குள்ள பேர் போட்டாச்சா?"

"நான் எழும்பினதும் போவோம். நீ முந்திப் போய்ப் பாத்துட்டு வந்து இடைவேளை வரைக்கும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

படம் பதுளைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்குக் கிளம்பினேன். போகிற வழியில் வார்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டாக்டர் என்னை நடைபாதையில் மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அத்தான் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"கட்டி பரவிட்டுது பிள்ளை. இனி வெட்டிப் பிரயோசனமில்லை. வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ."

டாக்டர் போன பிறகு அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிறாத. ஒன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்."

திரும்ப வார்டுக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். நடிப்பைப் பார்த்தே பழகிய கண் அது. அதனால் நான் தியேட்டருக்குப் போனேன். அக்கா சாகப் போகிறாள் என்று கேட்ட அதே மணியில் நான் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார்ந்தேன். தாடி திரையில் வந்ததும் விசில், காகிதம், ஆட்டம். எனக்கு எல்லாரையும் அறைய வேண்டும் போல இருந்தது. அப்புறம் அந்தத் தாய் வந்தாள். தட்டைத் துடைத்துக் கவிழ்த்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. படம் விடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் போய்ச் சொல்ல ஏதாவது வேண்டுமே! கூட்டம் வெளியே வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை மச்சான்."

"போடா, அந்தக் கெழவி ஒன்னுக்கே காசு சரி. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல, என்னைய அழ வச்சிருச்சு."

"நம்மாளு சண்டை போடாத ஒரே படம் இதுதான்டா. அதுக்கே ஒரு தில்லு வேணும்."

முடிவைப் பற்றி எவனும் பேசவில்லை. எனக்கு வாய்த்தது அப்படி.

முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். இடைவேளை வரைக்கும் ஒரு காட்சி விடாமல் சொன்னேன். வெளியே கேட்டதை எல்லாம் என் அபிப்பிராயம் போல அவிழ்த்துவிட்டேன். அடுத்த கட்டில் அம்மாவும் தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம்?" என்றாள்.

"மிச்சத்த நீ வந்து பாரு. சட்டம்னா சட்டம்தான்."

"ஆமா," என்றாள். காதைப் பொத்தவில்லை. "சட்டம்தான்."

அந்த வாரம் வேன் பிடித்து அவளை லயத்துக்குக் கொண்டுபோனோம். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். "கொஞ்சம் தேறினதும் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க" என்று அத்தான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொன்னார். யாரும் நம்பவில்லை. ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மாலையில் மடுவம் முடிந்ததும் பெண்கள் நேரே அவளிடம் வருவார்கள். அதற்குள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் போனில், பாதிப் பேர் பதுளைக்குப் போய். அக்காவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவார்கள். மகனுக்கு அரைப்பேரா முழுப்பேரா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை நடந்தது. "ஜெயில்ல இருந்து வந்தவன் மூஞ்சி இப்படியா பளபளன்னு இருக்கும்?" என்றாள் ஒருத்தி. "ஒன் புருஷன் மூஞ்சிய விட நல்லாத்தான் இருக்கு" என்றாள் இன்னொருத்தி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், அப்படியும் சிரித்தாள். ஆனால் கதை அந்த பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சுக்கு வந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். "அவ இன்னும் பாக்கல" என்பாள் ஒருத்தி. உடனே எல்லாரும் எழுந்து, அடுப்பில் அது இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று போய்விடுவார்கள். ஒருத்தி வாசல் தாண்டும் முன்பே கண்ணைத் துடைப்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கொஞ்சம் பொறுத்துத் துடைத்தால் என்ன, பாவிகளா!

ஆனாலும் அந்தச் சட்டத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிவைச் சொல்லாத வரைக்கும் அக்கா ஒரு நாள் பதுளைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்ப்பாள் என்றுதான் அர்த்தம். சொல்லிவிட்டால், இனி நீ பார்க்கப் போவதில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி.

ஒரு நாள் முற்பகல், எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதைக் கையால் தள்ளினாள்.

"முடிவச் சொல்லுடி."

"என்னா முடிவு?"

"படத்தோட முடிவு."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. "சட்டம் என்னாகுறது?" என்றேன். சிரிக்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"போட்டது நான்தானே. நானே எடுக்குறேன். சொல்லு."

"நீ எழும்பினதும்…"

"ஏய்," என்றாள். கோபமாக இல்லை. "சொல்லுன்னா சொல்லு."

எனக்கு முடிவு தெரியாது. அதை எப்படிச் சொல்வேன்? நான் ஏன் பாதியில் எழுந்து வந்தேன் என்றல்லவா அடுத்து கேட்பாள்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மகன் கடைசி பஸ்ஸுல வந்து எறங்குறான். அந்தம்மா பெஞ்சுலயே தூங்கிப் போயிருச்சு. அவன் எழுப்பல. பக்கத்துல ஒக்காந்துக்கிறான். விடிஞ்சதும் அது கண்ணு முழிச்சுப் பாக்குது. 'சாப்புட்டியாப்பா'ன்னு கேக்குது."

"அழலியா?"

"அழல. கட்டிப் புடிக்கல, ஒன்னுமில்ல. ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்து போறாங்க. அந்தம்மா முன்னுக்குப் போகுது. அவன் பையத் தூக்கிட்டுப் பின்னுக்குப் போறான்."

"அந்தம்மா நல்லா நடக்குதா?"

"நல்லா நடக்குதுக்கா." அவள் வாயோரத்துக் கஞ்சியைத் துடைத்தேன். "வேகமா நடக்குது. அவனால புடிக்க முடியல."

"அப்புறம்?"

"வீட்டுல கவுத்து வச்ச தட்ட எடுத்து நிமுத்தி வைக்குது. அவ்வளவுதான். படம் முடிஞ்சிருச்சு."

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அப்படியே உதட்டோரம் சிரித்தாள்.

"அடிக் கள்ளி. நீ படத்த முழுசாப் பாக்கல."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அடுத்த கட்டில் அம்மாவோட மக முடிவச் சொல்லிட்டா. நீ கதை சொன்னதுக்கு மறுநாளே. அவளத் திட்டாத, நான்தான் கேட்டேன். நீ வந்து ஒக்காந்து பேசினப்பவே ஒன் மூஞ்சில தெரிஞ்சு போச்சுடி. இனி நான் எந்தத் தியேட்டருக்கும் போகப் போறதில்லன்னு." எச்சில் விழுங்கிக்கொண்டாள். "படத்துல அந்தம்மா செத்துப் போயிருது. மகன் வந்து எறங்கும்போது பெஞ்சு காலியா இருக்குதாம்."

நான் அவள் மேல் விழுந்து அழுதேன். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த நடிப்பெல்லாம் போயிற்று. எலும்பாக இருந்த கையால் என் தலையைத் தடவினாள்.

"அப்ப என்னைய ஏன்க்கா கேட்ட?"

"நீ என்னா சொல்றன்னு பாக்கத்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒன் முடிவுதான்டி நல்லாருக்கு. அந்த டைரக்டருக்கு அரைப்பேர் போடு. அந்தாளுக்குத் தங்கச்சி இல்ல போலருக்கு."

பிறகு என் காதைப் பிடித்து லேசாகத் திருகினாள், சின்ன வயதில் செய்கிற மாதிரி.

"முழுப்பேர் ஒனக்கு."

மறு வாரம் அவளைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அக்கா?