தண்ணீர் திறந்துவிட்டவர்

எங்கள் நகராட்சியில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணனுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். தோளில் ஆள் உயரத்துக்கு இரும்புச் சாவி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். எந்தத் தெருவுக்கும் அரை மணி நேரம்தான் தண்ணீர். நகராட்சித் தலைவர் வீட்டுத் தெருவுக்கு மட்டும் மூன்று மணி நேரம். அது காகிதத்தில் இல்லை, வாய் உத்தரவு. அதைத் தலைவரிடம் கேட்டுவந்து அண்ணனிடம் சொன்னவன் குமாஸ்தாவாகிய நான்தான்.

அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போக முகம் கழுவத் தண்ணீர் இல்லாத எரிச்சலில், நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எந்தத் தெருவில் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று நாற்பது நாள் நோட்டில் குறித்தாள். தடிமாடு மாதிரி வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் வராத துணிச்சல். நோட்டோடு மன்றக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்கள்.

தலைவர் நிதானமாகப் புரட்டினார். கோபமே படவில்லை. தண்ணீரைத் திறந்துவிடுவது யார் என்று மட்டும் கேட்டார்.

"எங்க அப்பாதான்" என்றாள், பெருமையாக.

குற்றவாளியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று தலைவர் கைதட்டினார். சபையும் தட்டியது. ஒன்றும் புரியாமல் அவளும் தட்டினாள்.

மறுவாரம் விசாரணை. வந்த அதிகாரி ஈர நெஞ்சுக்காரர். பிள்ளைகள் விளையாட்டாகக் கிறுக்கியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அத்தோடு மூடிவிடலாம் என்றார். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்த நானும் மேஜைக்கடியில் அண்ணன் காலை மிதித்துப் பார்த்தேன். பிழைக்கத் தெரியாத மனுஷன்.

"எம்பொண்ணு எழுதுனது அத்தனையும் உண்மை சார். அவளப் பொய்க்காரின்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அப்படியானால் யார் சொல்லித் திறந்தாய் என்று அதிகாரி கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மௌனத்தைக் குற்ற ஒப்புதல் என்று நானே தட்டச்சு செய்தேன். வேலை போயிற்று. என் பிள்ளைகள் சோற்றுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பாதிதான் உண்மை, மீதி வெறும் பயம்.

நாலு நாள் கழித்து அவள் தனியாக ஆபீசுக்கு வந்தாள். கையில் புது நோட்டு.

"மாமா, யாரோ சொல்லித்தான் அப்பா திறந்தாராம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்க இங்கேயேதானே இருக்கீங்க, விசாரிச்சுச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தினமும் பள்ளி விட்டதும் வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.