எடுத்தேன் என்ற சொல்

ஒல்லாந்தர் கோட்டையின் துபாஷி ஒல்லியான மனிதர். எதையும் ஒருமுறை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்த பிறகே துரைக்கு மொழிபெயர்ப்பார். வெயிலில் காயவைத்த சாயத்துணியில் ஒரு கட்டைக் காணவில்லை என்று, அங்கே வேலை செய்த என் மகளைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"மழை வந்துச்சு, நான்தான் எடுத்தேன்," என்றாள்.

துபாஷி முணுமுணுத்தார், மொழிபெயர்க்கவில்லை.

"எடுத்தேன்னு மட்டும் சொன்னா திருடினேன்னு எழுதிக்குவாங்கம்மா. எங்க வச்சே, அத்தச் சொல்லு."

"கிடங்குப் பரண்ல."

நான் பதறிப்போய், "தெரியாம செஞ்சிட்டா, மன்னிச்சிடச் சொல்லுங்கய்யா," என்று கைகூப்பினேன்.

"இன்னா நைனா, செய்யாத தப்புக்கா மன்னிப்பு? கம்முனு இரு," என்று என்னை அடக்கிவிட்டு, துபாஷி பரண் விஷயத்தை மட்டும் துரையிடம் சொன்னார்.

ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். கட்டு பரணிலேயே இருந்தது. மகளை விட்டுவிட்டார்கள்.

நான் கெஞ்சியதை அவர் கடைசிவரை மொழிபெயர்க்கவே இல்லை.