பீரங்கிக்குத் துரு பூசினேன்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆனால் அதை நம்பி நெடுநாள் ஓட்ட முடியாது. கூடப்பிறந்தவர் என்பதால் ஒரு கிட்னி கொடுக்க நீங்கள் பரிசோதனை செய்துகொள்கிறீர்களா என்று கேட்டார். "யோசிச்சு சொல்றேன் சார், வூட்ல ஒரு வார்த்தை கேக்கணும்" என்றேன். வீட்டில் நான் கேட்கவே இல்லை. யோசிக்கவும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் அண்ணன் தன் முடிவைச் சொல்லிவிட்டார். "மெஷினும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இருந்த வரைக்கும் போதும்."

நான் கோபக்காரன். பஸ் என்றும் பார்க்காமல் கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் நிதானமாகக் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எங்கள் சண்டைகள் எல்லாம் இப்படித்தான் முடியும். எதிராளி கடையைச் சாத்திவிட்டால் நான் யாரிடம் போய் மல்லுக்கட்டுவது?

அண்ணி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதனால் அவர் மரக்காணத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்போது மழைக்காலம். உப்புப் பாத்திகள் முழுக்கத் தண்ணீர் நின்றது. தை பிறக்கிற வரைக்கும் எனக்கு உப்புக் களத்தில் வேலை கிடையாது. நாள் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். டாக்டர் கேட்டதை அவரிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த வாரத்தில்தான் போனில், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற ஒரு பொம்மைப் பீரங்கி கிட் ஆர்டர் செய்தேன். அவரைப் பேசவைக்கத்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

பெட்டியைத் திறந்தால் பச்சை பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கும் மேல் துண்டுகள். சில துண்டுகள் அரிசி அளவுகூட இல்லை. முடித்தால் உள்ளங்கையில் அடங்கும் என்று படத்தில் இருந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன என் விரல்களுக்கு அது பொருத்தமான வேலை இல்லை. பசை போட்டால் துண்டு விரலோடு வந்தது. ஒரு சக்கரம் என் கட்டைவிரலில் அரை மணி நேரம் இருந்தது. "ஏங்க, அதை அப்படியே வெச்சுக்கங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள் என் மனைவி. கட்டிலில் இருந்த அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் நான் ஒரு கைப்பிடியைத் தலைகீழாக ஒட்டப்போனபோது கையை நீட்டி அதைத் திருப்பிவைத்தார். அன்றைக்கு எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

பெயிண்ட் அடிக்கும் கட்டம் வந்தது. பழைய பீரங்கி மாதிரி தெரிவதற்கு ஒரு வித்தையைப் போனில் வீடியோவாகக் காட்டினார்கள். முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். அதை ஈரப்படுத்தி அங்கங்கே உப்பைத் தூவிக் காயவிட வேண்டும். மேலே பச்சை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால், அந்த இடங்களில் மட்டும் பெயிண்ட் உரிந்து துரு ஏறினதுபோல் தெரியும். உப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரக்காணத்துக்காரனுக்கா உப்புக்குப் பஞ்சம்? உப்புக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கி ஒரு கைப்பிடி அள்ளிவந்து தூவினேன்.

வீடியோவில் இருந்தவன் போட்டது பாக்கெட் உப்பு. நான் போட்டது களத்து உப்பு. மழைக்காற்று பட்டால் அது கசியும் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் செய்தேன். காலையில் பார்த்தால் பீரங்கி முழுக்க ஈரம். பச்சை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பிரஷ் வைத்துத் தேய்த்தால் தோல் உரிகிற மாதிரி பட்டை பட்டையாக வந்தது. குழாயின் நுனியிலிருந்து சக்கரம் வரை துரு நிறம். முதலில் திட்டிக்கொண்டேன். பிறகு பார்க்கப் பார்க்க நிஜமாகவே கடலோரத்தில் கிடந்த பீரங்கி மாதிரி இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காது மெஷினை எடுத்துத் தானாகவே மாட்டிக்கொண்டார்.

"இது யாரு கன்னுடா?" ராணுவத்தில் பீரங்கியைக் கன் என்பார்கள், அதன் குழாயைப் பேரல் என்பார்கள்.

"உன்னுதுதாண்ணா."

"என் கன்ல துரு கெடையாது." நகத்தால் குழாயைச் சுரண்டிக் காட்டினார். "சுட்டு முடிச்சா மொதல்ல கன்னைத் தொடைப்போம். அப்புறம்தான் குளியல், சோறு எல்லாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சுக் கும்புடுவோம். பேரல்ல ஒரு புள்ளி செவந்திருந்தா எனக்குத் தூக்கம் வராது. நீ இன்னாடான்னா உடம்பு பூரா துருவ பூசி எடுத்துக்கினு வர்ற."

இத்தனை நாளுக்குப் பிறகு பேசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். விடாமல் கேட்டேன். "கன்னுன்னா பழசாவாதா? பேரல் தேயாதா?"

"தேயும். எத்தினி ரவுண்டு சுட்டுதுன்னு புக்குல எழுதுவோம். ஆயுசு முடிஞ்சுதுன்னா கழட்டிட்டு வேற பேரல் போடுவாங்க."

பேச்சில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். "பாத்தியா? பேரல் போச்சுன்னு கன்னையே தூக்கிப் போட மாட்டாங்க இல்ல? அப்புறம் நீ மட்டும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்ற?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது. "புதுப் பேரல் ஸ்டோர்லேர்ந்து வரும்டா. பக்கத்துல நல்லா இருக்குற கன்லேர்ந்து கழட்டி இதுல மாட்ட, நான் இருந்த வரைக்கும் வுட்டதில்ல."

அவர் கிட்னியைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"உன்னைக் கூப்புடறதுக்கு முன்னாடி டாக்டர் என்கிட்டதான் கேட்டாரு, தம்பி தருவாரான்னு. வேணாம்னு சொன்னேன். உன்கிட்டயும் கேட்டிருப்பாரு. கேட்டாரா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீ வெயில்ல களத்துல எறங்கிப் பாடுபடறவன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா? நான் வரமாட்டேன்னு சொன்னதே அதுக்குத்தான். வந்தா மறுபடி மறுபடி உன்னைக் கேப்பாங்க." பீரங்கியைக் கீழே வைத்தார். "மெஷினுக்கு வர்றேன், உன் மனசுக்காக. ஆனா உன் உடம்புலேர்ந்து எதையும் எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன்.

அன்று மதியமே அவர் பழைய டூத் பிரஷ்ஷும் தின்னரும் கேட்டு வாங்கி, நான் அடித்ததை முழுக்கச் சுரண்டி எடுத்தார். என்னைத் தொடவிடவில்லை. பிறகு சுத்தமாக ஒரே பச்சை அடித்தார்.

அதன்பிறகு பதினான்கு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். பாத்தி கட்டும் நாளிலும், உப்பு வாரும் நாளிலும்கூடத் தவறவில்லை. டாக்டர் இன்னும் இரண்டு முறை கேட்டார். அண்ணனே முந்திக்கொண்டு வேண்டாம் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மழைக்காலம் முடியும் சமயத்தில் அவர் போய்விட்டார். அண்ணனை இப்படிப் பார்த்துக்கொள்ள எந்தத் தம்பி இருக்கிறான் என்று சாவுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

உன் உடம்பிலிருந்து எதுவும் வேண்டாம் என்று அண்ணன் என்னை விட்டுவிட்ட அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவர் எதிரிலேயே என் முகத்தில் வந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். டாக்டரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தவன் நான். அண்ணனிடம் யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றுவிட்டேன்.